ஸ்கானுக்குள் போகமுடியாத அம்மா எழுதுவது

தம்பி,

போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் உன் அறையைக் காட்டினாய், கட்டிலைக் காட்டினாய், இரவாகியும் இருட்டாத அந்த ஊர் வானத்தைக் காட்டினாய். "நீங்கள் எப்பிடி அம்மா?" என்று கேட்டாய். நல்லாயிருக்கிறேன் என்றேன். அப்பா என் தோளுக்கு மேலால் தலையை நீட்டி, சிறுபோகத்துக்குக் குளம் திறந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. கடந்த இரண்டு மாதத்தில் எங்கள் மூன்று பேருக்கும் நடந்ததை நினைத்தால், அந்த நாலு வார்த்தை எனக்குப் போதவில்லை. அதனால்தான் தைக்கிற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வெட்டு மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். பயப்படாதே, உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. ஆனால் ஸ்கந்தபுரத்திலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கால் மரத்துப்போய், "பழைய காயம்தானே" என்று பேசாமல் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். மகனுக்கு எழுதுவதை அவர்களும் வாசிக்கட்டும்.

என் முதுகில் கிடக்கும் இரும்பைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. அது பட்ட அன்று நீ என் பக்கத்தில்தான் படுத்திருந்தாய். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். போரின் கடைசி மாதங்களில் செல் வெடித்துச் சிதறிய துண்டு ஒன்று, இங்கே எல்லாரும் சொல்வதுபோலச் சொன்னால் ஒரு "பீஸ்", முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டது. எடுக்கப்போனால் நரம்பு பழுதாகும், விட்டால் ஒன்றும் செய்யாது என்றார்கள். விட்டோம். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, அப்பா பற்றை மூடிக்கிடந்த வயலைத் திருத்தினார். நான் தையல் மெசின் ஒன்றை வாங்கிக் கடை போட்டேன். அந்த மெசினின் சத்தத்தில்தான் நீ படித்தாய். பள்ளிக்கூடச் சட்டை, சாமத்தியவீட்டுப் பாவாடை, கலியாண பிளவுஸ் என்று கை ஓயாமல் வேலை இருந்தது. முதுகு எப்போதாவது குத்தும். அதோடு பழகிவிட்டேன்.

முதலில் கண்தான் சொன்னது. பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் கூறைச் சேலைக்கு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். வலக்கண்ணைத் திருப்பினால் உள்ளே நோகும். இரண்டு நாளாக அப்படி இருந்தது. பிளவுஸ் வாங்க வந்த பிள்ளை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, என்ன இது? செங்கல் நிற நூலால தைச்சிருக்கிறியள்?" என்றாள். எனக்கு அது சேலையின் சிவப்பாகத்தான் தெரிந்தது. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தேன். செங்கல் நிறமேதான். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் சேலையும் நூலும் ஒரேமாதிரி மங்கிக் கிடந்தன. இருந்து அவ்வளவையும் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொடுத்தேன். கண்ணாஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள், சில கிழமையில் பார்வை திரும்பிவிட்டது. அதை நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம்.

இரண்டு வருடம் கழித்துக் கால் மரத்தது. பாதத்தில் தொடங்கி இடுப்புவரை ஏறியது. நெஞ்சுக்கூட்டைச் சுற்றி யாரோ அளவு நாடாவை இழுத்துக் கட்டியதுபோல இறுக்கம். மெசின் பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் மிதிப்பேன். உன் சித்தி வந்து பார்த்துவிட்டு, "பீஸ் அசைஞ்சிட்டுது அக்கா, வேற என்ன?" என்றாள். அப்பாவும் அதையே சொன்னார். பார்த்த டொக்டர்மாரும் படத்தில் இரும்பைக் கண்டதும் வேறு கேள்வி கேட்கவில்லை. அவர்களில் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரில் முதுகில் இரும்பு இருக்கிற ஒருத்திக்குக் கால் மரத்தால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் அந்த நரம்பு டொக்டரிடம் நீதான் என்னைக் கூட்டிப்போனாய். அப்போது நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய், நினைவிருக்கிறதா? அவர் படத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு என்னோடு கதைத்தார். "அம்மா, கால் மரக்க முதல் உடம்பில வேற எங்கயும் ஏதும் வந்து, தானாச் சுகமானதோ? யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நான் யோசித்துவிட்டுக் கூறைச் சேலைக் கதையைச் சொன்னேன். அவர் தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "முதுகில கிடக்கிற இரும்பு எப்பிடி அம்மா கண்ணைக் கெடுக்கும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எத்தனையோ வருட முடிவு கவிழ்ந்துபோனது. நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தால் தெளிவாகத் தெரியும் என்று எழுதித் தந்தார். உடுப்பு மாற்றி, தோட்டையும் தாலிக்கொடியையும் கழற்றி உன்னிடம் தந்துவிட்டு வாசலில் நின்றேன். அங்கே வேலை செய்த பிள்ளை, "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டான். "ஓம் தம்பி, பீஸ் ஒண்டு" என்றேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தவன் கதவை மூடிவிட்டான். "உள்ளுக்க இருக்கிறது பெரிய காந்தம். உங்கட பீஸ் முள்ளந்தண்டுக்குள்ள போற முண்ணாணுக்குக் கிட்டக் கிடக்கு. அது அசைஞ்சால் நடக்கமாட்டியள்" என்றான். அவன் செய்தது சரி. ஆனால் அந்த மூடிய கதவுக்கு முன்னால் நீ நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தோட்டைக் கையில் பொத்திக்கொண்டு, "அப்ப வேற என்ன வழி?" என்று நீ அவனைத்தான் கேட்டாய். 

வேறு வழியை டொக்டர் செய்தார். முதுகின் அடியில், நாரியில் ஊசி போட்டு, மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஓடுகிற தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். அந்தத் தண்ணீருக்குள்ளேயே நோயெதிர்ப்புப் புரதங்கள் உற்பத்தியாகின்றன என்று மறுமொழி வந்தது. கண்ணின் கதையையும் காலின் கதையையும் இதையும் சேர்த்துவைத்து, மற்ற நோய் வருத்தங்கள் இல்லை என்றும் பார்த்து, மல்ரிப்பிள் ஸ்கிளெறோசிஸ் என்றார். உடம்பைக் காக்கவேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையை அரிக்கிற வருத்தம். சுகமாகிவிடாது, ஆனால் மருந்தால் கட்டுப்படுத்தலாம். எல்லாரும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு வந்தது ஆறுதல். எதோடு மல்லுக்கட்டுகிறேன் என்று தெரிந்துவிட்டது அல்லவா? வீட்டுக்கு வந்ததும் அப்பா தகரக் கூரைக்கு மேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்தார், வெக்கை ஏறினால் எனக்குக் கால் சோரும் என்று டொக்டர் சொன்னதால். மெசினுக்கு மோட்டர் பூட்டினோம், பெடலை மிதிக்கத் தேவையில்லாமல். நீ சோதனை எழுதிவிட்டு, ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடைசி வருட ஆராய்ச்சிக்கு நீ எடுத்த விஷயத்தை இந்த மேசையில் இருந்துதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். நோயெதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சிறிய புரதங்களை விடுகின்றன, அவற்றுக்குச் சைற்றோகைன் என்று பெயர், சில "வா, தாக்கு" என்று சொல்லும், சில "போதும், நில்" என்று சொல்லும் என்றாய். "அதுகளை அளந்தால் என்ர வருத்தம் எழும்புதோ படுத்திருக்குதோ எண்டு ஸ்கான் இல்லாமலே தெரியுமோ?" என்று கேட்டேன். உன் முகம் மலர்ந்தது. "அதைத்தானம்மா தேடினம். தெரிஞ்சால் உங்களைப்போல ஆக்களுக்குப் பெரிய உதவி. இன்னும் ஒருத்தரும் உறுதியாச் சொல்லேல்லை" என்றாய். அந்த "இன்னும் சொல்லேல்லை" என்பதை நீ சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். சுவீடனில் அதே விஷயத்தைத் தொடர்ந்து படிக்க இடம் கிடைத்தபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அப்பாதான்.

பிறகு இந்தச் சித்திரை வந்தது. வருடப்பிறப்புக்கு வந்த நீ, அளந்து பழகுவதற்கு மாதிரி ஒன்று வேண்டும் என்று என்னிடம் இரத்தம் எடுத்தாய். "இதை வச்சு அம்மாவின்ர வருத்தத்தைப் பற்றி ஒரு முடிவுக்கும் வரக்கூடாது" என்று சொல்லித்தான் உன் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சேர் அனுமதித்திருந்தார். நீ ஐஸ் பெட்டியோடு யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குப் போன மறுநாள், கட்டிலிலிருந்து எழும்பினேன், கால் என்னோடு எழும்பவில்லை. அப்பா என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார். பின்னேரம் மோட்டர் சுவிச்சைத் தொடக்கூடக் கை நடுங்கியது. அதை அப்பா உனக்குச் சொல்ல எடுத்தார். அவர் வாய் திறக்க முதல் நீ சொன்னாய், என் இரத்தத்தில் இன்ரர்லூகின் ஆறு என்ற சைற்றோகைன் ஏறிக் கிடக்கிறது என்று. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எனக்கும் கேட்டது. "வருத்தம் திரும்ப எழும்பீட்டுதப்பா. நான் சுவீடனுக்குப் போகேல்லை. அவைக்கு எழுதப்போறன்" என்றாய். அப்பா கோபித்தார். "நீ இஞ்ச நிண்டு என்ன செய்யப்போறாய்? கொம்மாவின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கப்போறியோ?" என்று கத்திவிட்டு, தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் ஒன்றுதான் சொன்னேன். "டொக்டரிட்டக் காட்டிப்போட்டுப் பிறகு எழுது." நீ ஓம் என்றாய். ஆனால் உன் குரலில் முடிவு எடுத்தாகிவிட்டது.

அடுத்தநாள் வான் பிடித்துப் போனோம். ஆனையிறவில் உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அப்பா ஈரத் துவாயை என் கழுத்திலும் காலிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். கிளினிக் வாசலில் நீ கையில் ஒரு தாளோடு நின்றாய். சாப்பிடவில்லை, நித்திரை கொள்ளவில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. டொக்டர் என் காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நீ உன் தாளை நீட்டினாய். வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். "தம்பி, நீர் கொஞ்சம் வெளியில நில்லும். அப்பா, நீங்களும்" என்றார். நீ தயங்கினாய். "நில்லும் எண்டு சொன்னனான்" என்றார். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பி, "அம்மா, சலம் போகேக்க எரியுதோ?" என்று கேட்டார்.

எரிந்தது. ஒரு கிழமைக்கு மேலாகச் சிறுநீர் எரிந்துகொண்டுதான் இருந்தது. நாரி குளிர்ந்து, பின்னேரங்களில் உடம்பு அனலாய்க் காய்ந்தது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் கலவரப்படுவார். உன்னிடம் எப்படிச் சொல்வது? ஊசியால் இரத்தம் எடுத்து, போத்தலில் திகதி எழுதி, "வேற ஏதும் சுகமில்லையோ அம்மா?" என்று கேட்டாய். வளர்ந்த மகன், சட்டைப் பையில் பேனை குத்திக்கொண்டு டொக்டர்போல நிற்கிறான். அவனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒண்டுமில்லை" என்றேன். நீ அதை நம்பினாய், ஏனென்றால் நான் உனக்குப் பொய் சொல்கிறவள் இல்லை. டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வாயில் தேமாமீற்றரை வைத்துப் பார்த்தார், சலத்தை எடுத்துச் சோதிக்க அனுப்பினார். உன்னுடைய பெரிய மெசின் ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. அங்கேயே ஒரு சின்னக் கடதாசிப் பட்டியைத் தோய்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், கிருமித் தொற்று என்று.

பிறகு உங்களை உள்ளே கூப்பிட்டார். "அம்மாவுக்கு இது வருத்தம் திரும்ப எழும்பின புது அற்றாக் இல்லை. சலத்தில கிருமி, அதால காய்ச்சல், அதுக்கு மேல சித்திரை வெயில். ஏற்கெனவே பழுதான நரம்பு சூட்டில வேலை செய்யாது. சூடு இறங்கக் கால் திரும்பும்" என்றார். நீ உன் தாளைக் காட்டி, "அப்ப இது ஏன் டொக்டர் ஏறினது?" என்று கேட்டாய். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்கு இன்னும் பிடிக்கும். "நீர் அளந்தது சரி தம்பி. உம்மட கையில பிழையில்லை. ஆனால் இன்ரர்லூகின் ஆறு, சலத்தில கிருமி வந்தாலும் ஏறும், பல்லு வீங்கினாலும் ஏறும். தான் எங்கயிருந்து வாறன் எண்டு அது சொல்லாது. அதை ஆளிட்டத்தான் கேக்கவேணும்" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு உன் தலையைத் தடவவேண்டும்போல இருந்தது. கை எட்டவில்லை.

மருந்து குடிக்கத் தொடங்கி மூன்றாம் நாள் நான் குசினிவரை நடந்தேன். கிழமை முடிய முதல் கடை திறந்தேன். நீ வந்து வாசலில் நின்று நான் நடப்பதைப் பார்த்தாய். பிறகு உள்ளே வந்து, "அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாய். "நீ ஏன் திருப்பிக் கேக்கேல்லை?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு நீ அழுதாய். அப்பா வயலால் வந்து இந்தக் கோலத்தைக் கண்டு பயந்துபோய், "இப்ப என்ன நடந்தது?" என்று கேட்டார். "ஒண்டுமில்லையப்பா, ரிக்கெற் போடப்போறன்" என்று நீ சொன்னாய்.

அன்றைக்கு உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டதை இன்றைக்குப் பத்திரிகைக்கே எழுதுகிறேன் பார்! எனக்குக் கூச்சம் போய்விட்டது. இதை வாசிக்கிற அக்காமாரே தங்கச்சிமாரே, உங்களுக்கும் எரிந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கோ. முதுகில் இரும்பு இருந்தாலும், எல்லாவற்றையும் அந்த இரும்பின் தலையில் போடாதீர்கள். கண் மங்கியது, கை மரத்தது, தானாகச் சுகமானது, எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கோ. என் வருத்தத்தின் பெயர் கிடைத்தது ஒரு பிளவுஸ் கதையால்தான்.

உனக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது தம்பி. அங்கே உன் மேசைக்கு வருகிற குழாய் ஒவ்வொன்றும் ஒரு ஆளிடமிருந்து வருகிறது. அந்த ஆள் "ஒண்டுமில்லை" என்று சொல்லியிருக்கக்கூடும். இரத்தம் எடுத்த அன்று காய்ச்சல் இருந்ததா, பல் நொந்ததா, சலம் எரிந்ததா என்று கேட்க ஒரு வழி செய். அவர்களுடைய பிள்ளை பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்துக் கேட்கச் சொல். எண் பெரிதாக வந்தால் உடனே நம்பிவிடாதே, சின்னதாக வந்தாலும் உடனே ஆறுதல்படாதே. ஒரு சேதிகாரனை மட்டும் பிடித்துவைத்துக் கேட்காமல் பல பேரைச் சேர்த்து விசாரிக்கப்போகிறோம், இரத்தத்தை மட்டுமல்லாமல் மூளைத் தண்ணீரையும் பார்க்கப்போகிறோம் என்று போகும்போது சொன்னாய். அது சரியான வழி என்று எனக்குப் படுகிறது. பொறுமையாகச் செய். நீ ஒரு நாள் நிச்சயமாகச் சொல்லக்கூடியதைக் கண்டுபிடிப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்றது, நீ போவதற்கு முதல்நாள் உன் கணினியில் ஒரு விபரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினாய். உங்கள் ஆராய்ச்சியில் யார் யார் சேரலாம் என்ற விபரம். வயது, வருத்தம், மருந்து எல்லாம் வாசித்துவந்து ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வேறு கதை தொடங்கினாய். எனக்கு விளங்கியது. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்றுதானே அதில் எழுதியிருந்தது? ஸ்கானோடு ஒப்பிட்டுத்தானே உங்கள் எண் சரியா பிழையா என்று பார்க்கவேண்டும், அதனால் அப்படி எழுதியிருப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, எனக்குக் கோபமில்லை. ஆனால் ஸ்கான் எடுக்கக்கூடியவர்களுக்கு ஸ்கான் இருக்கிறது. உன் எண் யாருக்கு முதலில் வேண்டும்? எனக்குத்தானே. கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத்தானே. நீ புதியவன், முதல் கூட்டத்திலேயே எழும்பிச் சண்டைபிடி என்று சொல்லமாட்டேன். வேலையைப் பழகு, அவர்களுடைய மதிப்பைச் சம்பாதி. அதன்பிறகு ஒரு நாள் கையைத் தூக்கிக் கேள், இரும்பு இருக்கிற உடம்புகளையும் ஒரு தனிக் குழுவாகவாவது சேர்க்கலாமோ என்று. ஆள் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். வன்னிக்கு வரச்சொல். எங்களில் எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் அறிவி. வான் பிடித்துக் கூட்டிவருவது என் பொறுப்பு.